பேராக் தடங்கள் – 17: காக்கா போன பள்ளி

சென்ற இதழைச் சுங்காய் ரயில் நிலையத்தில் முடித்திருந்தோம். 1903-ல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தண்டவாளம் தொடர்ந்து இணைந்தபோது, பீடோருக்கும் துரோலாக்குக்கும் நடுவே கிடந்த இந்தச் சிற்றூரும் வெளியுலகத்தோடு சேர்ந்தது. அந்த ரயிலில் வந்திறங்கிப் பால்மரம் வெட்டியவர்களைப் பற்றிப் பதினாறு வாரம் எழுதியாயிற்று. அவர்களுக்கு அரிசியும் உப்பும் மிளகாயும் விற்க வந்தவர்களைப் பற்றி இன்னும் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. இந்த வாரம் அவர்களைத் தேடிப் போகிறேன்.

எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து சுங்காய்க் கடைத்தெரு மூன்று மைல். சம்பளம் போட்ட வாரம், பால் நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குளித்து வந்ததும், அப்பா என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். மளிகைக் கடைக்காரரை எல்லோரும் காக்கா என்றுதான் அழைத்தோம். கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்பார்கள். மலாயாவுக்கு வந்த பிறகு, தோட்டத்துச் சனங்களுக்குக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம்கள் எல்லாருமே காக்கா ஆனார்கள். அவரிடம் நீளமான கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. அதில் அப்பாவின் பெயரில் ஒரு பக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காக்கா கடைப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருந்தார். தலையில் வெள்ளைத் தொப்பி, வெளுத்த சட்டை, புதுக் கைலி.

“பள்ளிக்குப் போய்ட்டு வந்துர்றேன். தம்பி, வெயில்ல நிக்காதே, நிழலா நில்லு.”

எனக்கு ஆறு வயது. அந்த ஆண்டுதான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருந்தேன். நரைத்த தாடி வைத்த ஒருவர் எந்தப் பள்ளிக்குப் போகிறார், அங்கே யார் அவருக்கு வாத்தியார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அப்பாவைக் கேட்டேன். “அது சாமி கும்பிடுற பள்ளிடா” என்றார் அப்பா. இரண்டுக்கும் ஏன் ஒரே பேர் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் தமிழிலேயே இருக்கிறது. பள்ளி என்றால் முதலில் படுக்குமிடம். பாண்டிய நாட்டு மலைக்குகைகளில் சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகள் இன்றும் இருக்கின்றன. முனிவர் தங்கிய இடம் பள்ளியாயிற்று. அவர்களிடம் பிள்ளைகள் எழுத்துக் கற்றார்கள், கல்விக்கூடமும் பள்ளியாயிற்று. அரபுக் கடலோடிகளின் வழியே இஸ்லாம் தமிழ்க் கரைக்கு வந்தபோது, தொழுமிடத்துக்குத் தமிழர் புதுச்சொல் தேடவில்லை. இருந்த சொல்லையே கொடுத்தார்கள். ஆறு வயதில் நான் கேட்டதை இப்போது வேறு விதமாகக் கேட்கத் தோன்றுகிறது: தொழப் போகாத ஒருவன் அந்தப் பள்ளியில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

அதற்காகத்தான் சுங்காயில் ரயில் ஏறினேன். தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா, ஈப்போ, கோலகங்சார் என்று வடக்கே போகும் இந்த ஒரே தண்டவாளத்தின் ஓரத்தில், முப்பது ஆண்டு இடைவெளிக்குள் எழுந்த நான்கு பள்ளிவாசல்கள் இருக்கின்றன. நான்கையும் கட்டியவர்கள் வேறு வேறு. கட்டிய காரணமும் வேறு வேறு.

பலகை ஊரின் மரப்பள்ளி

பத்து காஜாவில் இறங்கிப் பாப்பானுக்குப் போக வேண்டும். மலாய் மொழியில் பாப்பான் என்றால் பலகை. ஈயம் தோண்டுவதற்கு முன் இந்த ஊர் மரத்துக்குப் பேர்போனது. ஈய லம்பங்கள் பெருகிய காலத்தில் சுமத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்கள் இங்கே குடியேறினார்கள். அவர்களின் தலைவர் ராஜா பிலா. 1888-ல் இங்கே அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் மரத்தாலானது. குவிமாடம் இல்லை, சுமத்திரா மரபில் அடுக்குக் கூரை. எட்டு ஆண்டு கழித்து, 1896-ல், ராஜா பிலாவின் பெரிய வீடும் அருகே எழுந்தது.

பள்ளிவாசல் என்றாலே குவிமாடமும் மினாராவும் என்று நினைத்துப் போகிறவருக்கு முதல் பாடம் இங்கேயே கிடைக்கிறது. தொழுகைக்குத் தேவை தூய்மையான தரையும் திசையும்தான். மேலே வரும் கூரை, கட்டுகிறவர்கள் தங்கள் ஊரிலிருந்து நினைவில் தூக்கிவருவது. நம் முன்னோர்கள் தோட்டத்தில் மாரியம்மன் கோயில் எழுப்பியபோது தஞ்சாவூரையும் சேலத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு கட்டினார்களே, அதே வேலையை அவர்களுக்கு முன்பே மண்டைலிங் தச்சர்கள் பலகையில் செய்து முடித்திருந்தார்கள். கடல் கடந்து வந்த மக்களின் முதல் கவலை எல்லா இனத்துக்கும் ஒன்றுதான் போலும்: ஊரில் கும்பிட்டது போல இங்கேயும் கும்பிட முடியுமா?

ஒரு மனைவியின் நினைவாக

ஈப்போ நிலையத்தில் இறங்கி வெளியே வந்ததும் ஒருமுறை திரும்பி நிலையத்தைப் பாருங்கள். 1917-ல் முடிந்த கட்டடம். வரைந்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக். இவர் பெயர் கோலகங்சாரில் மறுபடியும் வரும், நினைவில் இருக்கட்டும். நிலையத்துக்கு எதிரே ஈப்போ மரம் ஒன்று நிற்கிறது. ஓராங் அஸ்லி வேட்டைக்காரர்கள் ஊதுகுழல் அம்பில் தடவும் நஞ்சு இந்த மரத்தின் பாலிலிருந்து வருவது. ஊருக்குப் பெயர் கொடுத்ததும் அதுதான்.

1892-ல் பெருந்தீ ஒன்று ஈப்போவின் பெரும்பகுதியை அழித்தது. அதன் பிறகு நேர்த்தெருக்களோடு புதிதாக எழுந்த ஊரில்தான், 1898-ல், கிந்தா ஆற்றங்கரையில் பங்ளிமா கிந்தா பள்ளிவாசல் வந்தது. பங்ளிமா கிந்தா என்பது இந்த வட்டாரத்தின் பரம்பரைத் தலைவருக்குரிய பட்டம். அப்போது பட்டத்தில் இருந்தவர் டத்தோ பங்ளிமா கிந்தா முகமது யூசுப். மறைந்த மனைவி சயீதாவின் நினைவாக அவர் இதைக் கட்டினார். பக்கத்திலேயே ஒரு மதரசா, குடும்பத்தாரின் அடக்கத்தலம்.

வெள்ளைச் சுவர்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே நின்றபோது என்னைத் தொட்டது அந்த மூன்றும் சேர்ந்திருந்த விதம்தான். ஒரு பெண்ணின் இழப்பு தொழுமிடமாயிற்று. தொழுமிடத்தின் அருகே பிள்ளைகள் படிக்கும் கூடம். அதன் அருகே இறந்தவர்கள் உறங்கும் மண். படுக்கை, படிப்பு, வழிபாடு என்று பள்ளி என்ற தமிழ்ச்சொல் சேர்த்து வைத்திருக்கும் மூன்று பொருளும் ஒரே ஆற்றங்கரையில், அந்தச் சொல்லை அறியாத ஒரு மலாய்த் தலைவரின் கையால் அமைந்திருக்கின்றன.

“எந்தத் தோட்டம்?”

காக்காவின் தடம் தெளிவாகத் தெரிவது அடுத்த பள்ளியில். ஈப்போவின் பாடாங் திடலை ஒட்டி, செயின்ட் மைக்கேல் பள்ளிக்கூடத்துக்கு அருகே, இந்திய முஸ்லிம் பள்ளிவாசல் இருக்கிறது. 1908-ல் ஷேக் ஆதம் என்ற செல்வந்த வணிகர் ஊரிலிருந்த இந்திய முஸ்லிம்களுக்காக நிறுவியது. வட இந்திய முகலாயப் பாணியில் வரிசையாக வளைவுச் சாளரங்கள், மேலே சுதை வேலைப்பாடு. நான்கு ஆண்டு கழித்து, 1912-ல், கிறித்துவச் சகோதரர்கள் செயின்ட் மைக்கேலைத் தொடங்கினார்கள். ஆறு வயதில் நான் குழம்பிய இரண்டு பள்ளிகளும் இங்கே அக்கம்பக்கத்தில் நிற்கின்றன.

தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். இப்படிப் போகிறவர்கள் அறிய வேண்டியது அதிகமில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலைத் தவிர்க்க வேண்டும். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். பெண்கள் தலையை மூடிக்கொள்ள ஒரு துணி கொண்டுபோவது நல்லது. செருப்பைப் படிக்குக் கீழே விட வேண்டும். தொழுகிறவரின் முன்னால் குறுக்கே நடக்கக் கூடாது. படம் எடுக்குமுன் கேட்க வேண்டும். நம் கோயிலுக்கு வருகிறவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் இதுதானே.

படியில் தயங்கி நின்ற என்னைப் பார்த்துப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

“வாங்க, உள்ள வாங்க. எந்த ஊரு?”

“சுங்காய் பக்கம்.”

“சுங்காய்ல எந்தத் தோட்டம்?”

மலேசியத் தமிழனுக்கு இந்தக் கேள்வியின் அருமை தெரியும். நம் தலைமுறை ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொள்வதே இந்த இரண்டு சொல்லில்தான். பெயரைக் கேட்பதற்கு முன், மதத்தைக் கேட்பதற்கு முன், பள்ளிவாசல் படியில் நின்று அவர் அதைக் கேட்டார். நான் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. “எங்க அத்தா கம்பார்ல கடை வச்சிருந்தாக. சம்பளத்தன்னைக்கி லாரியில சாமான் ஏத்திக்கிட்டுத் தோட்டம் தோட்டமாப் போவாக. நானும் கூடப் போயிருக்கேன்.” பிறகு இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் தோட்டங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவற்றில் பாதி இன்று செம்பனையாகிவிட்டது. மீதி வீடமைப்புத் திட்டம்.

அவர் அத்தாவைப் போன்றவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? இராமநாதபுரம் கரையின் கீழக்கரை, தொண்டி, பனைக்குளம். சோழக்கரையின் நாகூர், காரைக்கால், அதிராம்பட்டினம். உள்நாட்டில் கூத்தாநல்லூர், தெற்கே கடையநல்லூர், தென்காசி. இவர்களில் மரைக்காயர்கள் தோட்டக் கூலிகளுக்கு நூறு ஆண்டு முன்பே இந்தக் கடலை அறிந்தவர்கள். ஆங்கிலேயர் பினாங்கில் கால் வைத்த பதினைந்தே ஆண்டில், 1801-ல், அங்கே கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. அதை நிறுவிய காதர் முகைதீன் தமிழ் முஸ்லிம்களின் தலைவர். சிங்கப்பூரில் சூலியா பள்ளிவாசல் 1826-ல் தொடங்கியது. அதே சிங்கப்பூரில் 1887-ல் மகதூம் சாயபு ‘சிங்கை நேசன்’ என்ற தமிழ் வார இதழை நடத்தத் தொடங்கினார். நம் மலாயாத் தமிழ் இதழியலின் முன்னோடிகளில் அவர் ஒருவர். நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழுக்கும் அவர் ஒரு வகையில் பாட்டனார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியது. தோட்டங்கள் பெருகின, கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். ஆயிரம் பேர் ஒரு காட்டில் குடியேறினால் அவர்களுக்குப் புளியும் மல்லியும் யார் கொண்டுவந்து கொடுப்பது? ஊரறிந்த, மொழியறிந்த, கடன் கொடுக்கத் துணிந்த ஒருவர் வேண்டும். அந்த இடத்துக்குக் காக்கா வந்தார். மேல்தட்டில் வந்தவரும் இல்லை அவர். ‘ரஜூலா’ கப்பலில் அதே தளத்தில், அதே வாந்திக்கும் உப்புக்காற்றுக்கும் நடுவே வந்தவர்தான். கடைக்குப் பின்னால் சாக்கு மூட்டைகளின் மேல் படுத்து, மிச்சத்தை ஊருக்கு அனுப்பி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளை முகம் பார்த்தவர். வாரத்தில் அவர் கடையை மூடியது வெள்ளிக்கிழமை அந்த ஒரு பொழுதுக்குத்தான். அந்தப் பொழுதில்தான் பக்கத்து ஊர்க் கடைக்காரர்களைப் பார்த்தார், ஊர்க் கடிதங்களைப் பற்றிப் பேசினார், யார் வீட்டில் சாவு, யாருக்குப் பெண் பிறந்தது என்று தெரிந்துகொண்டார். நம்மவர்க்குத் தோட்டத்துக் கோயில் திருவிழா எதுவோ, அவருக்கு அது.

மலாய்க்காரர்களிடமும் இவர்கள் விட்டுச்சென்ற தடம் உண்டு. கடை என்ற நம் சொல் மலாயில் ‘கெடாய்’, கப்பல் ‘காப்பால்’, பெட்டி ‘பெத்தி’. இவை நமக்குத் தெரிந்தவை. சமயம் கற்றவரை மலாய்க் கம்பங்களில் ‘லெபாய்’ என்பார்கள். அது நம் லெப்பை. இரண்டு விருந்துக்கு நடுவே அலைந்து இரண்டையும் தவறவிடும் ‘பாக் லெபாய் மாலாங்’ கதையை மலாய்ப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்கிறார்கள். அதன் நாயகன் பெயரிலேயே ஒரு தமிழ்ச்சொல் உட்கார்ந்திருக்கிறது. கற்பிக்க வந்தவரின் பெயரை ஒரு மொழி இவ்வளவு அன்பாக வீட்டுக்குள் சேர்த்துக்கொள்வது சின்ன விஷயமில்லை.

சுல்தானின் நேர்த்தி

கோலகங்சார் நிலையத்திலிருந்து பேராக் ஆற்றை ஒட்டிப் புக்கிட் சண்டான் ஏறினால், தூரத்திலேயே உபுடியா பள்ளிவாசலின் பொன் குவிமாடம் தெரியும். சுல்தான் இத்ரிஸ் முர்ஷிதுல் அசாம் ஷா நோயுற்றிருந்தபோது, குணமானால் ஓர் அழகிய பள்ளிவாசல் எழுப்புவதாக நேர்ந்துகொண்டார். நேர்த்திக்கடன் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1913-ல் அடிக்கல் நாட்டினார்கள். வரைந்தவர் ஈப்போ நிலையத்தை வரைந்த அதே ஹப்பக். கோலாலம்பூர் ஜாமேக் பள்ளிவாசலும் அவர் கைவேலையே.

வேலை நடந்துகொண்டிருந்தபோது, சுல்தானுடையதும் ராஜா சூலானுடையதுமான இரண்டு யானைகள், கூலுப் சண்டானும் கூலுப் கங்காவும், மோதிக்கொண்டு இத்தாலியிலிருந்து வந்திறங்கிய பளிங்குக் கற்களை மிதித்து நொறுக்கின. மறுபடி கல் வரவழைக்க வேண்டியதாயிற்று. அதற்குள் முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. 1916-ல் சுல்தான் இத்ரிஸ் காலமானார். நேர்ந்தவர் நிறைவைக் காணவில்லை. 1917-ன் இறுதியில் அவருக்குப் பின் வந்த சுல்தான் அப்துல் ஜலீல் பள்ளிவாசலைத் திறந்துவைத்தார். பக்கத்திலேயே அரச குடும்பத்தின் அடக்கத்தலம் இருக்கிறது.

அந்தக் குவிமாடத்தைப் பார்க்கும் தமிழருக்கு எங்கேயோ பார்த்த முகம்போல் தோன்றினால் வியப்பில்லை. இந்திய, முகலாய, ஐரோப்பிய உருவங்களைக் கலந்து கட்டும் இந்தப் பாணி ஊன்றி வளர்ந்த ஊர்களில் முதன்மையானது சென்னை. 1768-ல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, பின்பு ராபர்ட் சிசோமின் செனட் இல்லம், 1892-ல் முடிந்த உயர்நீதிமன்றம் என்று வளர்ந்த அந்தப் பாணிதான் கடல் தாண்டிப் பேராக் ஆற்றங்கரைக்கு வந்தது. ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்தது தமிழ்நாட்டுக் கைகளை மட்டுமில்லை, அங்கே பழகிய கண்ணையும்தான்.

கட்டடம் மதத்தின் வேலியைத் தாண்டுவது நமக்குப் பழக்கமானது. நாகூர் தர்காவின் மினாராக்களில் மிக உயர்ந்த பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். நாகூரார் நினைவிடத்தை அந்த மண்ணின் மக்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் மறுபடி எழுப்பிக்கொண்டார்கள். அங்கே நேர்ந்துகொண்டவர்களில் கப்பலேறி வந்த இந்துக்களும் உண்டு.

அப்பா போன பள்ளி

நான்கு பள்ளிவாசல்களில் நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். பாப்பானில் ஊரை விட்டு வந்தவர்களின் ஏக்கம், கிந்தா ஆற்றங்கரையில் ஒரு கணவரின் துயரம், பாடாங்கில் ஒரு வணிகரின் கடமை உணர்வு, புக்கிட் சண்டானில் ஒரு மன்னரின் நேர்த்தி. பேராக் வரலாற்றைச் சுல்தான், ஈயம், ரப்பர் என்று எழுதுகிற புத்தகங்களில் இவை அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. நம் பங்குக்கு நாமும் மலேசியத் தமிழர் வரலாற்றைத் தோட்டம், கோயில், தமிழ்ப்பள்ளி என்று எழுதி, பள்ளிவாசலை வேறு யாருடைய கணக்கிலோ விட்டுவிட்டோம். நானும் பதினாறு வாரம் அதைத்தான் செய்தேன். காக்காவின் புத்தகத்தில் நமக்கொரு பக்கம் இருந்தது. நம் புத்தகத்தில் காக்காவுக்குப் பக்கம் இல்லை.

காக்காவின் புத்தகத்துடைய கடைசிக் கதையைச் சொல்கிறேன். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி எடுக்க வேண்டியதாகி, ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பிய காலம். எங்கள் காக்காவும் கடையைக் கைமாற்றிவிட்டுப் புறப்பட்டார். அப்பாவின் பக்கத்தில் பதினெட்டு வெள்ளி பாக்கி நின்றது. அப்பா கையில் அன்று ஐந்து வெள்ளிகூட இல்லை. காக்கா பக்கத்தைக் கிழித்து அப்பாவிடம் கொடுத்தார்.

“தம்பி, எனக்கு அனுப்ப வேண்டாம். என்னைக்காவது ஈப்போ போனா, பாடாங் பக்கத்துல நம்ம பள்ளி இருக்கு. உண்டியல்ல போட்டுடு.”

அப்பா ஏழு மாதம் கழித்து, பெரியாஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு ஈப்போ போன நாளில், என்னை ஒரு மர நிழலில் நிற்கவைத்துவிட்டு எங்கேயோ போய் வந்தார். திரும்பியபோது அவர் நெற்றியில் திருநீறு அப்படியே இருந்தது. செருப்பைக் கையில் பிடித்திருந்தார். எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, “பள்ளிக்கு” என்றார்.

இந்த முறை பாடாங்கைச் சுற்றி நடந்து அந்த மர நிழலைத் தேடினேன். மரம் இல்லை. பெரியவரிடம் உண்டியல் எங்கே என்று கேட்டேன். காட்டினார்.

*(அடுத்த இதழில்: 1877-ல் கோலகங்சாரில் நட்ட 9 ரப்பர் கன்றுகளும், இன்னும் நிற்கும் ஒற்றை மரமும்)*